அரண்மனைப் பூங்காவை மீட்க வேலையில்லாதவர்களுக்குப் பயிற்சி: ஜெர்மனியில் இது எப்படி நடக்கிறது, எங்கே சறுக்குகிறது?

கேள்வி இதுதான்: கிழக்கு ஜெர்மனியில் பாழடைந்து கிடந்த பழைய அரண்மனைப் பூங்காக்களில் வேலையில்லாதவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் கையாலேயே சீரமைப்பு செய்தார்களாமே, அது எப்படி? பூங்கா உண்மையில் தேறுகிறதா, வந்தவர்களுக்குப் பிறகு வேலை கிடைக்கிறதா?

பூங்கா தேறும். வேலை தானாகக் கிடைக்காது. இரண்டும் நடக்க வேண்டுமானால், பூங்கா கேட்கும் வேலை எந்த வரிசையில் வருகிறதோ அதே வரிசையில் பயிற்சியும் போக வேண்டும். அன்றைய மானியப் பணம் பெரும்பாலும் ஓர் ஆண்டுக்குத்தான் வந்தது. பூங்காவில் ஒரு மரத்தை நட்டு அது வேர்பிடித்துவிட்டது என்று சொல்லவே மூன்று கோடை தாண்ட வேண்டும். இந்த இரண்டு காலக்கணக்கும் பொருந்தாததால்தான் பல இடங்களில் வேலை பாதியில் நின்றது.

முதலில் பின்னணி. 1990இல் இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு கிழக்கில் ஆலைகளும் சுரங்கங்களும் மளமளவென்று மூடப்பட்டன. போலந்து எல்லையோர லவுசிட்ஸ் வட்டாரத்தில் மட்டும் 1989இல் பழுப்பு நிலக்கரித் தொழிலில் சுமார் 80,000 பேர் இருந்தார்கள். பத்தாண்டுக்குள் அதில் பெரும்பகுதி இல்லாமல் போயிற்று. அதே வட்டாரத்தில்தான் ஐரோப்பாவின் மிகச் சிறந்த நிலக்காட்சிப் பூங்காக்களில் (புல்வெளி, மரக்கூட்டம், நீர் கொண்டு இயற்கைக் காட்சிபோல அமைத்த பூங்காக்களில்) இரண்டு இருக்கின்றன. ஒன்று, இளவரசர் பியூக்லர் 1815இல் தொடங்கிய முஸ்காவ். மற்றொன்று, கடன் தாங்காமல் 1845இல் முஸ்காவை விற்றுவிட்டு அவர் காட்புஸ் நகரத்துக்கு அருகே உருவாக்கிய பிரானிட்ஸ். சுற்றிலும் இன்னும் எத்தனையோ சிறு ஜமீன் மாளிகைகள், அவற்றின் பூங்காக்கள். 1945க்குப் பிறகு உரிமையாளர்கள் போய்விட்டார்கள். மாளிகைகள் பள்ளிக்கூடமாகவும் முதியோர் இல்லமாகவும் மாறின. பூங்காக்கள் மெல்லக் காடாகின.

ஒரு பக்கம் வேலையில்லாத கைகள், மறுபக்கம் கைவேலை கேட்கும் பூங்கா. இரண்டையும் இணைத்தது ஏபிஎம் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட வேலை உருவாக்கத் திட்டம். 1969ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு ஊக்கச் சட்டத்திலேயே அதற்கு இடம் இருந்தது. 1992இல் கிழக்கில் மட்டும் ஏறத்தாழ 4 லட்சம் பேர் அதில் இருந்தார்கள். கூலியின் பெரும்பங்கை வேலைவாய்ப்பு அலுவலகம் கொடுத்தது. நகராட்சியோ சங்கமோ இதற்கென்றே தொடங்கப்பட்ட வேலைவாய்ப்பு நிறுவனமோ ஆளெடுத்து வேலை வாங்கியது.

சட்டம் இரண்டு நிபந்தனை வைத்தது. வேலை பொதுநலனுக்கானதாக இருக்க வேண்டும். அதோடு அது 'கூடுதல்' வேலையாக இருக்க வேண்டும், அதாவது இந்த மானியம் இல்லாவிட்டால் நடக்கவே நடக்காத வேலையாக. உள்ளூர்த் தோட்ட நிறுவனங்களின் பிழைப்பில் கைவைக்கக் கூடாது என்பதற்காக வந்த நியாயமான விதி. ஆனால் பூங்காவுக்கு இதில் ஒரு கண்ணி இருந்தது. நாற்பது ஆண்டுப் புதரை வெட்டுவது கூடுதல் வேலை, அதற்குப் பணம் உண்டு. வெட்டிய இடத்தில் அடுத்த ஆண்டு முளைப்பதை அறுப்பது பராமரிப்பு, அது உரிமையாளரின் கடமை, அதற்குப் பணம் இல்லை. ஆகவே வெட்டிவிட்டு விட்டுவிடத் தூண்டும் விதமாகவே பணம் வந்தது. பூங்கா வேலை தெரிந்தவர்களுக்கு இதைவிடக் கேடான ஏற்பாடு இல்லை. ஏன் என்பதற்குக் கீழே வருகிறேன்.

கோடாரிக்கு முன்னால் குறிப்பேடு

முப்பது பேர் திங்கட்கிழமை காலை வந்து நிற்கிறார்கள். அவர்களுக்கு உடனே வேலை கொடுக்க வேண்டும். எளிதில் கொடுக்கக்கூடிய வேலை 'புதரை வெட்டு' என்பதுதான். பெரும் சேதம் இந்த முதல் வாரத்தில்தான் நடக்கிறது.

நிலக்காட்சிப் பூங்காவில் எது புதர், எது பூங்கா என்று பார்த்தவுடன் தெரியாது. ஸ்னோபெரி என்ற வெள்ளைக்காய்ப் புதர் களைபோல் படர்ந்திருக்கும். 19ஆம் நூற்றாண்டில் அதை மரக்கூட்டத்தின் அடியில் வேண்டுமென்றே நட்டார்கள். காட்டு டுலிப், சில்லா, கோரிடாலிஸ் போன்ற கிழங்குச் செடிகள் மார்ச் முதல் மே வரை மட்டும் தலைகாட்டும், ஜூனில் சுவடில்லாமல் மறையும். ஜூலையில் அந்த இடத்தில் டிராக்டர் ஏறினால் இருநூறு ஆண்டாகப் பரவிய படுகை ஒரே நாளில் நசுங்கும். ஒரு முழு வசந்தம் பார்த்துக் குறித்துக்கொள்ளாமல் கனரக வண்டியை உள்ளே விடக் கூடாது.

பார்த்துக் குறிப்பது சும்மா இருப்பதல்ல, அதுவே பயிற்சியின் முதல் பாடம். பூங்காவை 50 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து முளைக்குச்சி அடிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் நெஞ்சுயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.30 மீட்டரில், மரத்தின் சுற்றளவை அளந்து, இனம், நிலை, பொந்து எழுதி எண் தகடு அடிக்க வேண்டும். இலையில்லாக் குளிர்காலத்தில் மொட்டையும் பட்டையையும் பார்த்து மரத்தை அடையாளம் சொல்லத் தெரிந்த ஆளைத் தோட்ட நிறுவனங்கள் தேடிப் பிடிக்கும். ஆறு வாரத்தில் இருபது இனங்களைச் சரியாகச் சொல்லப் பழகிவிடலாம்.

பக்கத்திலேயே ஆவண வேலை நடக்கும். பழைய பூங்கா வரைபடம், பிரஷ்ய நில அளவைத் தாள், அஞ்சலட்டைப் படங்கள், போர்க்கால விமானப் படங்கள் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க வேண்டும். 1981இல் வெளிவந்த புளோரன்ஸ் சாசனம் வரலாற்றுத் தோட்டத்தை நினைவுச்சின்னமாகவே கருதச் சொல்கிறது, போதிய ஆய்வு இல்லாமல் எதையும் மீளமைக்க வேண்டாம் என்கிறது. நினைவுச்சின்னத் துறையின் அனுமதிக் கடிதம் இல்லாமல் ஒரு பாதையைக்கூடத் திருப்ப முடியாது.

முஸ்காவ் பூங்காவின் நடுவே ஓடும் நைசே ஆற்றின் கரை போன்ற இடங்களில் இன்னொரு முன்வேலையும் உண்டு. 1945 ஏப்ரலில் போர்முனை அந்த ஆற்றின் மேலேயே நின்றது. மண்ணுக்குள் வெடிக்காத குண்டு, மரத்துக்குள் எறிகணைத் துண்டு. வெடிபொருள் அகற்றும் அரசுப் பிரிவு சோதித்து விடுவித்த பகுதியில் மட்டுமே மண்வெட்டி இறங்கலாம். அந்த மரங்களை அறுக்கும்போது ரம்பச் சங்கிலி இரும்பில் மோதும், அறுவை ஆலைகளும் அந்தக் கட்டையை வாங்கத் தயங்கும். மரம் விற்று வரும் பணத்தைத் திட்ட வரவில் எழுதியவர்கள் இதில் கையைச் சுட்டுக்கொள்வார்கள்.

பார்வைக்கோட்டைத் திறப்பது

பியூக்லர் பாணிப் பூங்காவின் உயிர் அதன் பார்வைக்கோடுகளில் இருக்கிறது. மாளிகைச் சன்னலிலிருந்து புல்வெளியைத் தாண்டி, மரக்கூட்டங்களின் இடைவெளி வழியாக, ஆற்றுக்கு அப்பால் ஒரு மேடு தெரியும். முஸ்காவில் இந்தக் கோடுகள் இன்று இரு நாடுகளைக் கடக்கின்றன. பூங்காவின் பெரும்பகுதி போலந்துக் கரையில் இருக்கிறது. 1945க்குப் பிறகு நடுவில் ஓடிய நைசே எல்லையாகிவிட, ஆற்றுக்கு அப்பாலிருந்த புல்வெளிகளில் காடு ஏறியது. 1980களின் கடைசியில் இரு தரப்பு வல்லுநர்களும் சேர்ந்து பழைய கோடுகளைத் தேடித் திறக்கத் தொடங்கினார்கள். 2003இல் இரட்டைப் பாலம் மீண்டும் இரு கரைகளையும் இணைத்தது. 2004இல் பூங்கா உலக மரபுச் சின்னமானது.

பார்வைக்கோட்டைத் திறக்க வெட்ட வேண்டியவை பெரும்பாலும் தானாக முளைத்த நார்வே மேப்பிள், ரொபீனியா என்ற முள்மரம், ஆஷ் (ash) மரம். வேலை நேரத்தைச் சட்டம் நெருக்குகிறது. பறவைகளின் இனப்பெருக்கக் காலத்தைக் காக்கும் விதியால் மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை புதர் வெட்டுக்குக் கடுமையான தடை. ஆகவே வெட்டுக்காலம் அக்டோபர் முதல் பிப்ரவரி வரைதான். அதிலும் ஒவ்வொரு பொந்தையும் பார்த்தாக வேண்டும். வௌவாலோ, பழைய ஓக் மரத்தின் மட்கிய பொந்தில் வாழும் துறவி வண்டோ இருந்தால் அந்த மரத்தைத் தொட முடியாது. பார்வைக்கோட்டின் நடுவிலேயே அது நின்றாலும் சரி.

மேப்பிளை வெட்டலாம். ரொபீனியாவை மொத்தமாக வெட்டினால் பழிவாங்கிவிடும். ஒரு மரம் சாய்த்த இடத்தில் அடுத்த கோடையில் வேர்களிலிருந்து எண்ணற்ற முள்கன்றுகள் கிளம்பும். அதற்குப் பட்டை வளையம் எடுக்க வேண்டும். குளிர்காலக் கடைசியில், தண்டைச் சுற்றி ஓர் அடி அகலத்துக்குப் பட்டையை உரித்து, பத்தில் ஒரு பங்கு மட்டும் பாலமாக விட்டுவிடுவார்கள். மரம் சாகவும் முடியாமல், வேருக்கு உணவு அனுப்பவும் முடியாமல் சேமிப்பைத் தின்று தீர்க்கும். அடுத்த ஆண்டு ஜூனில் அந்தப் பாலத்தையும் எடுத்துவிட்டு, காய்ந்த பிறகு அறுப்பார்கள். ஆக, இந்த ஒரு வேலைக்கே இரண்டு ஆண்டு தேவை. ஓராண்டுக் குழு பாதியில் கலைந்தால், விட்ட பாலத்தின் ஓரங்களிலிருந்து பட்டை வளர்ந்து மூடிக்கொள்ளும். அடுத்து வருபவர் கையில் குறிப்பும் இருக்காது.

செயின்சா பயிற்சியில் சமரசமே கூடாது. அடிப்படைப் பயிற்சி ஐந்து நாள். வெட்டுத்தடுப்புக் காற்சட்டை, முகவலையும் காதடைப்பும் உள்ள தலைக்கவசம், இரும்புமுனைக் காலணி இல்லாமல் யாரும் மெஷினைத் தொடக் கூடாது. மரத்தின் உயரத்தைப் போல இரு மடங்கு தூரத்துக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது. மரம் விழ வேண்டிய பக்கத்தில் தண்டின் விட்டத்தில் ஐந்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று ஆழம் வரை வாய்வெட்டு போட வேண்டும். பின்பக்கத்திலிருந்து அறுத்து வரும்போது, இரண்டு வெட்டுக்கும் இடையில் விட்டத்தின் பத்தில் ஒரு பங்கு அகலத்துக்குக் கீல்போல அறுபடாத மரக்கீற்று ஒன்றை விட வேண்டும். 40 சென்டிமீட்டர் மரத்துக்கு 4 சென்டிமீட்டர் கீல். புதியவர்கள் பயத்தில் அந்தக் கீலையும் சேர்த்து அறுத்துவிடுவார்கள். கீல் போனால் மரம் எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அறுத்த அடிக்கட்டையைப் பார்த்தாலே ஆள் தேறினாரா என்று தெரியும். ஒவ்வொரு கட்டையிலும் கீலின் அகலத்தை அளந்து, அவர் பெயருக்கு நேரே எழுதி வைக்கும் பயிற்றுநரிடம் ஆட்கள் வேகமாகக் கற்கிறார்கள்.

அடிக்கட்டையைப் பிடுங்க வேண்டாம். தரைமட்டத்தில் அறுத்து விட்டால் போதும். பிடுங்கினால் கீழே இருக்கக்கூடிய பழைய பாதையின் அடுக்கு கலைந்துபோகும்.

பாதை: கையால் கற்க இதைவிட நல்ல பாடம் இல்லை

ஒரு திட்டத்தில் ஒரே ஒரு வேலையைத்தான் ஒழுங்காகக் கற்றுத்தர முடியும் என்றால் பாதை வேலையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். அகழாய்வு, அளவை, மண் வேலை, நீர் வடிப்பு எல்லாம் அதில் அடங்குகின்றன. அதைக் கற்றவரை எந்த நிறுவனமும் எடுத்துக்கொள்ளும்.

பழைய பாதை பெரும்பாலும் அழிந்திருக்காது, மூடித்தான் கிடக்கும். ஆண்டுதோறும் விழுந்த இலை மட்கி 10 முதல் 20 சென்டிமீட்டர் கருமண்ணாகி மேலே படிந்திருக்கும். மூடிக்கிடக்காமல் அழிந்தே போன பாதைக்குப் போட்ஸ்டாம் நகரப் பூங்கா ஒன்று உதாரணம். 1961க்குப் பிறகு பெர்லின் எல்லைக்காவல் பட்டை பாபெல்ஸ்பெர்க் பூங்காவின் கரையோரத்தை வழித்தெடுத்தது. 1990க்குப் பிறகு அங்கேயும் பழைய வரைபடங்களையும் மண்ணுக்கடியில் மிஞ்சிய தடங்களையும் வைத்துப் பாதைகளை மீட்டார்கள்.

வேலை குத்துக்கம்பியில் தொடங்குகிறது. முனை கூரான, ஒரு மீட்டர் நீள எஃகுக் கம்பி. வரைபடம் காட்டும் இடத்துக்குக் குறுக்காக நூல் கட்டி, 25 சென்டிமீட்டருக்கு ஒரு குத்து. கருமண்ணில் கம்பி சத்தமில்லாமல் இறங்கும். கல்லடுக்கில் 'நறுக்' என்று நின்று, கையில் ஓர் அதிர்வு வரும். அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ அங்கே இரண்டு முளை. நேரான பகுதியில் 20 மீட்டருக்கு ஓரிடம், வளைவில் 5 மீட்டருக்கு ஓரிடம். பிறகு சில இடங்களில் மட்டும் ஒரு மீட்டர் அகலத்தில் குறுக்குப் பள்ளம் வெட்ட வேண்டும். கரண்டியால் பக்கச்சுவரை வழித்துவிட்டால் அடுக்குகள் தெரியும்: மேலே கருமண், அடியில் மெல்லிய மஞ்சள் மணல் அல்லது சரளை, அதற்கும் கீழே உடைந்த செங்கல்லும் வயல்கல்லும். அதை 1:20 அளவில் வரைந்து, அளவுகோல் வைத்துப் படமெடுத்து, உயரம் குறித்த பிறகே பள்ளத்தை மூட வேண்டும். முளைகளை இணைத்து வெள்ளைக் கயிறு போட்டவுடன், மறைந்துபோன வளைவு தரையில் எழுந்து நிற்கும். அந்த வளைவைக் கண்டுபிடித்த ஆளுக்குப் பூங்காவின் மீது வரும் உரிமையுணர்வை எந்த வகுப்பறையும் கொடுக்காது.

அடுத்தது கட்டுமானம். இந்தப் பாதைகளுக்குத் தாரோ சிமென்ட்டோ கிடையாது. கல்தூளும் நீரும் சேர்ந்து இறுகும் மேற்பரப்புதான். 100 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் பரப்பு 250 சதுர மீட்டர். அடியில் 0–32 மில்லிமீட்டர் ஜல்லிக்கலவை (தூள் முதல் 32 மில்லிமீட்டர் கல் வரை கலந்தது) 15 சென்டிமீட்டர், நடுவில் 0–16 கலவை 6 சென்டிமீட்டர், மேலே 0–5 அல்லது 0–8 நொறுங்கல் 4 சென்டிமீட்டர். இறுகிய பிறகு இருக்க வேண்டிய கனம் இது. எடையில் சொன்னால் அடியடுக்குக்கு ஏறத்தாழ 75 டன், நடுவடுக்குக்கு 30, மேலடுக்குக்கு 20. பழைய அடியடுக்கு நன்றாக இருந்தால் அதைத் தோண்டி எறியக் கூடாது. அது ஆவணம், அதோடு 75 டன் செலவும் மிச்சம். பராமரிப்பு வண்டி ஓடும் பாதையானால் அடியடுக்கை 25 சென்டிமீட்டருக்கு மேல் போட வேண்டும்.

மேலடுக்கின் 20 டன்னை 80 கிலோ பிடிக்கும் தள்ளுவண்டியில் கொண்டுபோனால் 250 நடை. கனரக லாரி மரங்களின் வேர்ப்பரப்பில் ஏற முடியாத இடங்களில் இப்படித்தான் செய்தாக வேண்டும். ஆள் கணக்குப் போடும்போது இதை மறந்துவிடுகிறார்கள்.

மேற்பரப்பு நடுவில் உயர்ந்து இருபுறமும் 3 சதவீதம் சரிய வேண்டும். 2.5 மீட்டர் பாதையில் நடு, ஓரத்தைவிட ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் உயரம். பலகையை அந்த வடிவத்துக்கு அறுத்து வைத்துக்கொண்டு இழுத்துச் சரிபார்ப்பதுதான் எளிது. கலவை கைப்பிடியில் உருண்டையாக நிற்க வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. அந்த ஈரத்தில் ஒன்றிரண்டு டன் ரோலரை அதிர்வில்லாமல் ஓட்ட வேண்டும். அதிர்வுத் தட்டை மேலடுக்கில் போட்டால் தூளும் நீரும் மேலே வந்து, காய்ந்ததும் பாளம்பாளமாக உரியும். அவசரத்தில் பெரும்பாலோர் செய்யும் தவறு இது.

மற்ற கோளாறுகள் தாமே தங்களைக் காட்டிக்கொடுக்கும். மழைக்குப் பின் பாதை வழுவழுவென்று சகதியானால் களிமண் கூடுதல். தூசியாகப் பறந்து கல் மட்டும் நின்றால் தூள் குறைவு. நடுவில் ஓடை அரித்தால் நெடுக்குச் சரிவு 6 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, குறுக்கு வடிகால் வேண்டும். ஓரத்தில் நீர் தேங்கினால் புல் வளர்ந்து பாதையைவிட உயர்ந்துவிட்டது. அதைக் கூரான அரைவட்ட மண்வெட்டியால் ஆண்டுக்கு ஒருமுறை நூல் பிடித்து வெட்ட வேண்டும். இலையை இலையுதிர் காலத்திலேயே வாராமல் விட்டால் இரண்டே ஆண்டில் மட்கி மண்ணாகி முழுப் பாதையிலும் புல் முளைக்கும். தனி அனுமதி இல்லாமல் பாதையில் களைக்கொல்லி தெளிக்கச் சட்டம் இடம் தராது. சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

குளம், மரநடுகை

குளத்தில் பயிற்சிக் குழுவுக்கு அதிக இடம் இல்லை. 3,000 சதுர மீட்டர் குளத்தில் அரை மீட்டர் சேறு என்றாலே 1,500 கனமீட்டர். அதை இயந்திரம் வைத்துள்ள நிறுவனத்திடம் விட வேண்டும். சேற்றில் கன உலோகம் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்த்த பிறகே விலை கேட்க வேண்டும். கொட்டும் கட்டணம் தோண்டும் கூலியைத் தாண்டிவிடுவது உண்டு. இயந்திரக்காரர் 'இன்னும் கொஞ்சம் ஆழமாக எடுக்கலாமே' என்பார், விடக் கூடாது. அடியில் மிதித்து இறுக்கிய களிமண் படுகை கிழிந்தால் குளம் நீர் பிடிக்காது. குழுவுக்கு ஏற்ற வேலை கரைதான்: விளார்க் கட்டு பதிப்பது, கல் அடுக்குவது, மதகின் பலகைகளை மாற்றுவது.

மரநடுகையில் தவறுகள் மெதுவாகக் கொல்லும். வேர்க்கட்டின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு குழி, ஆழம் மட்டும் வேர்க்கட்டின் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. தண்டு வேராக விரியும் கழுத்து தரைக்கு மேலே தெரிய வேண்டும். ஆழமாக நட்ட மரம் ஐந்தாறு ஆண்டு பச்சையாக நின்று, பிறகு காரணம் தெரியாமல் கருகும். மூன்று முளை அடித்துத் தென்னங்கயிற்றால் கட்டி, நீர்ப்பாத்தி கட்ட வேண்டும். முதல் மூன்று கோடையிலும் ஒரு முறைக்கு 80 முதல் 100 லிட்டர், கோடைக்குப் பதினைந்து முறை வரை. ஐம்பது மரம் என்றால் ஒரு கோடைக்கு 75,000 லிட்டர் வரை. தண்ணீர் எங்கிருந்து, எந்த வண்டியில், யார் கையால் என்று எழுதாத நடுகைத் திட்டத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. அன்றாடம் ஐந்தைந்து லிட்டராக ஊற்றுவது அதைவிட மோசம். வேர் மேலேயே படர்ந்து நின்றுவிடும்.

2018 முதல் தொடர்ந்து வந்த வறட்சிக் கோடைகளில் ஜெர்மனியின் பூங்காக்களில் முதிய பீச் (beech) மரங்கள் நிறையப் பட்டுப்போயின. அதே இடத்தில் அதே இனத்தை நட வேண்டும் என்ற மரபு விதி இப்போது தடுமாறுகிறது. அந்தப் பூங்காவின் மரங்களிலிருந்தே விதை எடுத்துக் கன்று வளர்த்து, வறட்சியைத் தாங்குபவற்றைத் தேர்ந்தெடுக்கும் வழி நம்பிக்கை தருகிறது. பிரானிட்ஸ் பூங்காவில் 'மரப் பல்கலைக்கழகம்' என்ற பெயரில் ஒரு நாற்றங்கால் இதற்கென்றே இருக்கிறது. பயிற்சிக்கு நாற்றங்காலைப் போல உதவும் இடம் குறைவு. முதுகுவலி உள்ளவரும் ஐம்பத்தைந்து வயதுக்காரரும் செய்யக்கூடிய திறன்வேலை அங்கே ஆண்டு முழுவதும் உண்டு.

ஆட்களுக்கு என்ன கிடைத்தது?

ஏபிஎம் பற்றிய மதிப்பீடுகள் கசப்பானவை. பங்கேற்ற பலருக்கு வழக்கமான வேலை கிடைக்கும் வாய்ப்பு கூடவில்லை. திட்டத்தில் இருந்த மாதங்களில் வேறு வேலை தேடுவது நின்றது, முடிந்தபின் கையில் சான்றிதழும் இல்லை. 2005இல் வந்த 'ஒரு யூரோ வேலை' இன்னும் மெலிந்தது. உதவித்தொகைக்கு மேல் மணிக்கு ஒன்றிரண்டு யூரோ ஈடு, வேலை ஒப்பந்தம் கிடையாது. ஏபிஎம் 2012இல் சட்டத்திலிருந்தே நீக்கப்பட்டது. பூங்காக்களில் மிஞ்சியது திறந்த பார்வைக்கோடும் மீண்ட பாதையும். அவற்றைப் பராமரிக்க ஆள் வைத்த ஊர்களில் இன்றும் இருக்கின்றன. வைக்காத ஊர்களில் ரொபீனியா திரும்ப வந்துவிட்டது.

2019இல் நடைமுறைக்கு வந்த சட்டம் பூங்காக்களுக்கு நல்ல வாய்ப்பு என்பது என் கணிப்பு. ஏழு ஆண்டில் ஆறு ஆண்டாவது அடிப்படை உதவித்தொகையில் இருந்தவரை வேலைக்கு எடுத்தால், ஐந்து ஆண்டு வரை கூலி மானியம் உண்டு. முதல் இரண்டு ஆண்டு 100 சதவீதம், பிறகு 90, 80, 70. ஒரு துணையாளர் கூடவே இருப்பார். 'கூடுதல் வேலையாக இருக்க வேண்டும்' என்ற நிபந்தனை இதில் இல்லை. ஆகவே புல் அறுப்பதும் நீர் ஊற்றுவதும்கூட இதில் அடங்கும். ரொபீனியாவின் இரண்டு ஆண்டும் கன்றின் மூன்று கோடையும் ஒரே குழுவின் கைக்குள் வந்துவிடுகின்றன.

இன்னொரு பொருத்தமும் உண்டு. ஜெர்மனியில் தோட்டக்கலைஞர் தொழிற்பயிற்சி மூன்று ஆண்டு. பயிற்சி ஒப்பந்தமே இல்லாமல், அந்தத் தொழிலில் அதைப் போல ஒன்றரை மடங்கு காலம், அதாவது நாலரை ஆண்டு, வேலை செய்ததை நிரூபித்தால் வெளித்தேர்வராக இறுதித் தேர்வு எழுதலாம். ஐந்து ஆண்டு மானியத்துக்குள் இந்த நாலரை ஆண்டு அடங்கிவிடுகிறது. ஆனால் நாலரை ஆண்டும் இலை வாரியவருக்கு அது உதவாது. தொழிலின் எல்லா வேலைகளையும் செய்ததாகக் காட்ட வேண்டும். ஆகவே முதல் நாளே தேர்வுப் பாடத்திட்டத்தை எடுத்து, எந்தப் பகுதியைப் பூங்காவின் எந்த வேலையில், எந்த மாதத்தில் கற்பது என்று அட்டவணை போட வேண்டும். பூங்காவில் கிடைக்காதவற்றுக்கு, உதாரணமாகக் கல்தளம் பதிப்பதற்கு, உள்ளூர் நிறுவனம் ஒன்றில் சில வாரம் அனுப்ப வேண்டும். அந்த நிறுவனம்தான் பெரும்பாலும் பிறகு வேலையும் கொடுக்கும்.

குழுவின் அளவு முக்கியம். ஒரு பயிற்றுநருக்கு எட்டுப் பேருக்கு மேல் கொடுத்தால் அவர் மேஸ்திரியாகிவிடுவார், கற்றுத்தர நேரம் இருக்காது. பயிற்றுநரின் கூலியை மானியத்துக்கு வெளியே, பூங்கா உரிமையாளரின் சொந்தக் கணக்கிலிருந்து நிரந்தரமாகக் கொடுப்பது நல்லது. குழு மாறும், அவர் மாறக் கூடாது. எந்த மரத்துக்கு எப்போது வளையம் எடுத்தோம், எந்தப் பள்ளத்தில் என்ன கண்டோம் என்பது அவர் தலையில் மட்டும் இல்லாமல் பூங்காப் பதிவேட்டிலும் இருக்க வேண்டும்.

தொடங்கும் மாதத்தையும் பேரம் பேசி வாங்க வேண்டும். நிதி ஒப்புதல் எப்போது வருகிறதோ அப்போது தொடங்கினால், மே மாதத்தில் ஆள் வந்து, வெட்டத் தடையுள்ள கோடையைக் குப்பை பொறுக்கியே கழிப்பார்கள். மார்ச் தொடக்கம் சிறந்தது. மார்ச் முதல் மே வரை கிழங்குப் பூக்களும் மரப்பதிவும், ஜூனிலிருந்து பாதைத் தேடலும் புல்வெளி அறுப்பும், ஆகஸ்டில் பாதைக் கட்டுமானம், செப்டம்பரில் செயின்சா பயிற்சி, அக்டோபரில் வெட்டு, நவம்பரில் நடுகை, உறைபனி நாட்களில் கருவி தீட்டுவதும் வகுப்பும். அறுக்கும் கத்தியையும் ரம்பத்தையும் தீட்டத் தனியே இரண்டு வாரம் ஒதுக்கலாம். மழுங்கிய கருவியோடு வேலை செய்பவர் சீக்கிரம் களைத்து, வேலையையே வெறுத்துவிடுவார்.

பாதியில் விலகுபவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலைத்தாள் இருக்க வேண்டும். 'பூங்காப் பணிகளில் பங்கேற்றார்' என்ற ஒருவரிச் சான்றிதழை யாரும் படிப்பதில்லை. வேலைத்தாளில் தேதியும் அளவும் இருக்கும்: 180 மீட்டர் பாதை, மூன்றடுக்கு, இருபுறச் சரிவு 3 சதவீதம், 32 மரங்கள் நட்டு இரண்டு கோடை நீரூற்றியது, 30 சென்டிமீட்டர் வரை விட்டமுள்ள 40 மரங்கள் சாய்த்தது, இருபத்து நான்கு இனங்களைக் குளிர்கால மொட்டை வைத்து அடையாளம் கண்டது. கூடவே அவர் வரைந்த ஒரு குறுக்குப் பள்ளத்தின் படம். எட்டாவது மாதத்தில் விலகிப் போகிறவர் கையிலும் எட்டு மாதத்துக்கான தாள் இருக்கும். அதை வாங்கிப் பார்க்கும் தோட்ட நிறுவனக்காரருக்கு வந்திருப்பவர் யார் என்று புரியும்.